மூன்றாவது குழி

அன்று நாணயக்கடையில் இருந்தவர்கள்: கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கடைக்காரர். அவருக்கு எதிரே, மடியில் மரப்பெட்டியோடு அக்கா. அவள் இடது பக்கம் அவள் புருஷன், பல் கட்டுகிறவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிற ஆள். நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். வலது பக்கம் அண்ணனின் தமக்கை, பஸ் கண்டக்டர், தெரிந்தவர்கள் எல்லோரும் விசில் என்று கூப்பிடுகிறவள். வாய் நிறைய வறுகடலை. கதவோரம் நான். அவர்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருப்பவன். ராத்திரி முழுக்கக் குளிர்பதனக் கிடங்கில் மூட்டை ஏற்றிவிட்டு, தூங்கவேண்டிய நேரத்தில் இவர்களோடு வந்தவன்.

என்னை எதற்குக் கூட்டிப் போனார்கள் என்பதை அக்கா பஸ்ஸிலேயே எல்லோரும் கேட்கும்படி சொல்லிவிட்டாள். "உன் மூஞ்சியப் பாத்தா எந்தத் திருடனும், சரி, நம்மாளு ஒருத்தன் முந்திக்கிட்டான்னு போயிடுவான்."

மழை விட்டபாடில்லை. கடை ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. இரண்டு கதவுகள். வெளிக்கதவு மூடிப் பூட்டிக்கொண்டால்தான் உள்கதவு திறக்கும். நடுவில் இருந்த பொந்தில் நாங்கள் நாலு பேரும் சொட்டுகிற ஒரு குடையும் ஒட்டிக்கொண்டு நின்றோம்.

"லக்கேஜுக்குத் தனி டிக்கெட்," என்றாள் விசில், என் முழங்கையைத் தள்ளிவிட்டு.

அண்ணன் சிரிக்கவில்லை. காலையிலிருந்தே அவர் ஒரு மாதிரியாக இருந்தார். இன்னைக்கு மழை, வேணாம் என்றார். தங்கம் இன்னும் ஏறும், பொறுக்கலாம் என்றார். நான் மட்டும் போய் விசாரிச்சுட்டு வரேன் என்றார். அக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வார முடிவுக்குள் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் பஸ் டிப்போ பக்கத்து மூலைக்கடை வேறு ஆளுக்குப் போய்விடும்.

அந்தக் கடைதான் விஷயமே. அக்கா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். மூன்று வார்டு விரிப்பும் போர்வையும் ஆபரேஷன் துணியும் அவள் கை வழியாகத்தான் போகும். ஈரவிரிப்பின் ஒரு முனையை அவளும் மறுமுனையை இன்னொருத்தியும் பிடித்து உதறி, கொதிக்கிற உருளைக்குள் விடவேண்டும். ஒரு நொடி தாமதித்தால் விரல் போகும். முன்னே விட்டால் விரிப்பு கோணிக்கொள்ளும். விரிப்பு மறுபக்கம் காகிதம் போல வெளியே வரும்போது அதைச் சூட்டோடு மடிக்கவேண்டும். அவள் உள்ளங்கை ரேகைகள் எல்லாம் வெந்து வழவழத்துப் போயிருந்தன. கைரேகை வைத்தால் கதவு திறக்கிற இயந்திரம் ஒன்றை மருத்துவமனையில் வாங்கி மாட்டியபோது, அது அவளை அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. "இத்தனை வருஷம் வேலை செஞ்சதுக்கு என்னை யாருன்னு கேக்குது," என்று சிரித்துச் சிரித்துச் சொல்வாள். சொந்தமாக ஒரு சலவைக்கடை போடவேண்டும் என்று அவள் முடிவு செய்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அதற்காகச் சேர்த்ததுதான் பெட்டியில் இருந்தது. சம்பள நாளில் மருத்துவமனைக் கேன்டீனுக்கு ஒரு ஆள் வருவான். கோட்டு போட்டிருப்பான். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, கருஞ்சிவப்பு வெல்வெட் வைத்த மரப்பெட்டியைத் திறந்து காட்டுவான். சலவைக்கூடத்துப் பெண்கள் அவனுக்கு வைத்த பெயரே வெல்வெட்தான்.

"வெறும் தங்கம் எல்லார்கிட்டயும் இருக்குக்கா," என்பானாம். "இது புரூஃப் காசு. அச்சையே பாலிஷ் போட்டு, ஒரே காசை ரெண்டு மூணு தடவ அடிப்பாங்க. உங்க மூஞ்சி தெரியும் பாருங்க. கைபடாத தங்கம். தங்கமும் ஏறும், அதுக்கு மேல இருக்கிற மதிப்பும் ஏறும். ரெட்டை ஏத்தம்."

பெட்டியில் நாலு குழி, பெரியதிலிருந்து சிறியதுவரை நாலு நாணயம். ஒவ்வொன்றும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருந்தது. தங்கத்தின் விலைக்கு மேல் ஏறக்குறையப் பாதி விலை சேர்த்து, மாதத் தவணையில், வருடக்கணக்கில் கட்டி வாங்கினாள். வாங்கிய பிறகு அலமாரியில் போர்வைக்கு அடியில் வைத்தாள். ஏதாவது ஒரு லீவு நாளில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்ப்பாள். கூட்டைக்கூடத் தொடமாட்டாள். அண்ணன் எட்டிப் பார்த்தால், "தள்ளி நில்லுங்க, கையெல்லாம் பிளாஸ்டர் மாவு," என்பாள்.

கடைக்காரர் முதல் நாணயத்தை விளிம்பில் பிடித்து லென்ஸ் வழியாகப் பார்த்தார். தராசில் வைத்தார். தலையாட்டினார். இரண்டாவதற்கும் அதே. மூன்றாவதைக் கூட்டிலிருந்து எடுத்ததும் லென்ஸைக் கழற்றினார். வெறும் கண்ணால் பார்த்தார். மறுபடி லென்ஸை மாட்டினார்.

"இதை யாரு பண்ணது?"

"பண்ணதுன்னா?" என்றாள் அக்கா.

"மத்ததைப் பாருங்கம்மா. காசோட தரை கண்ணாடி மாதிரி இருக்கும், உருவம் மட்டும் பனி படிஞ்ச மாதிரி மங்கலா இருக்கும். அப்படித்தான் அடிப்பாங்க. இதுல தலையும் பளபளங்குது. மூக்கு, காது, முடியிழை எல்லாம். யாரோ பொறுமையா உக்காந்து மெனக்கெட்டு விளக்கியிருக்காங்க."

அதைத் தராசில் போட்டார். முள் இல்லாத தராசு, எண்தான் வந்தது. அந்த எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பாதி எடைகூட இல்ல. இது தங்கமே இல்லம்மா."

அக்கா எழுந்துவிட்டாள். "அந்த வெல்வெட் என்னை ஏமாத்திட்டானா? அவன் கோட்டைக் கிழிச்சுக் கால்மிதியா போடல..."

கடைக்காரர் கை மெதுவாக மேசைக்கு அடியில் போனது. கதவைப் பூட்டுகிற பொத்தான் அங்கேதான் இருக்கவேண்டும். நான் கதவோரத்திலிருந்து ஒரு அடி தள்ளி நின்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று.

"அவன் இல்ல," என்றார் அண்ணன். "நான்தான்."

விசில் மெல்லுவதை நிறுத்தினாள். "நீயா? டேய், அப்ப இவ தங்கம் எங்கடா?"

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணைப் பார்க்கவில்லை, கொஞ்சம் கீழே பார்த்தார்.

"உன் வாயில."

விசில் வாய்க்குள் இருந்த கடலையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தாள்.

அண்ணன் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார். போன வருடம் விசிலுக்கு இடதுபக்கக் கடைவாய்ப் பல் உடைந்தது. வழக்கமான வெள்ளை உலோகத்தில் இவரே பல்லுக்கு மேல் மாட்டும் தொப்பி செய்து கொடுத்தார். பல் டாக்டர் மாட்டினார். ஈறு புண்ணானது. கழற்றிவிட்டு வேறு உலோகம், மறுபடி புண். நிக்கல் ஒத்துக்கொள்ளாத உடம்பு, தங்கம்தான் வழி என்று டாக்டர் சொன்னார். தங்கம் வாங்கக் கையில் பணம் இல்லை. தமக்கை கஞ்சியை மட்டும் குடித்துக்கொண்டு இரட்டை ஷிப்ட் போனதைப் பார்க்க முடியவில்லை. ஒரு மத்தியானம் அலமாரியைத் திறந்தார். காசை ரப்பர் மாவில் அச்செடுத்து, மெழுகு ஊற்றி, பட்டறையில் கிடந்த மஞ்சள் கலவையில் அதே போல ஒன்று வார்த்தார். பிறகு தங்கத்தை உருக்கினார். கடிக்கத் தாங்கவேண்டும் என்று கொஞ்சம் கடின உலோகம் சேர்த்தார். "பழைய கிராக்கி ஒருத்தர் விட்டுட்டுப் போன தங்கம்" என்று தமக்கையிடம் சொன்னார். காசு சேர்த்து அசலை வாங்கி வைத்துவிடலாம் என்றிருந்தார். தங்க விலை அதற்கு விடவில்லை.

"வார்ப்பு சுத்தமாத்தான் இருக்கு," என்றார் கடைக்காரர். பாராட்டாமல் இருக்க முயன்று தோற்றது அவர் குரலில் தெரிந்தது. "ஆனா தலையை எதுக்குய்யா பாலிஷ் பண்ணினே?"

"பழக்கம். பல்லுன்னா எந்த இடமும் சொரசொரப்பா இருக்கக்கூடாது. அழுக்கு ஒட்டும். மங்கலா விடணும்னு எனக்குத் தோணவே இல்ல."

கடைக்காரர் உலோகம் வெட்டுகிற கத்தரி ஒன்றை நீட்டினார். "இது வேற யார் கைக்காவது போனா எனக்கும் வம்பு, உனக்கும் வம்பு. இங்கேயே வெட்டு."

அண்ணன் தன் வேலையைத் தானே நாலாக வெட்டினார். துண்டுகள் மேசையில் தெறித்தன. அக்கா அதைப் பார்க்கவில்லை. பெட்டியில் காலியாக இருந்த மூன்றாவது குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்த மூணுக்கு என்ன தருவீங்க?"

"தங்க விலை."

"அதுக்கு மேல?"

"மேல ஒண்ணும் இல்ல."

"செட்டு உடைஞ்சதாலயா?"

"உடையலேன்னாலும் தங்க விலைதான். மேல ஒரு டீ செலவு சேத்துத் தந்திருப்பேன்."

"அப்ப நான் கூடக் கட்டினது?"

"பெட்டிக்கு. வெல்வெட்டுக்கு. அந்தாளு கையுறைக்கு. அவன் கமிஷனுக்கு."

"அந்த விலைக்கு யாருமே வாங்கமாட்டாங்களா?"

"வாங்குவாங்க. இல்லேன்னு சொல்லல," என்றார் கடைக்காரர். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் நல்லவராகக் காட்டிக்கொள்ள நேரமில்லாதவர். "சில வருஷத்துக் காசு நெஜமாவே கொஞ்சம்தான் அடிச்சிருப்பாங்க. அதைத் தேடி அலையிறவன் ஒருத்தன் இருப்பான். அவனுக்கு அது இல்லேன்னா தூக்கம் வராது. நான் கேக்குற விலையை அவன் தருவான். காசோட மேல்விலைங்கிறது அந்த ஒருத்தனோட ஆசைதான். உங்க காசுக்கு அப்படி ஒருத்தன் இல்ல. ஏன்னா இதை எல்லாக் கேன்டீன்லயும் வித்திருக்காங்க."

கீழே குனிந்து ஒரு பெரிய இழுப்பறையை இழுத்தார். உள்ளே அதே மரப்பெட்டிகள், அடுக்கடுக்காக. எல்லாம் காலி. ஒன்றைத் திறந்து காட்டினார். கருஞ்சிவப்பு வெல்வெட், நாலு குழி.

"வாத்தியார் ஒருத்தர். நர்ஸ் ரெண்டு பேரு. எனக்கு வைக்க இடமில்ல. உங்க பெட்டிய நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க."

அக்கா இழுப்பறையை ரொம்ப நேரம் பார்த்தாள். சவக்கிடங்கு விரிப்பு வந்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படி.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க," என்றார் அவர், இழுப்பறையைக் காலால் மூடிக்கொண்டே. "நீங்க வாங்கினப்ப இருந்த தங்க விலை வேற, இப்ப வேற. தங்கம் ஏறி, நீங்க விழுந்த பள்ளத்தை மூடிடுச்சு. இந்த மூணுக்கும் நீங்க கட்டினது கைக்கு வந்துடும். லாபம் இல்ல. ஆனா நட்டமும் இல்ல. வெறும் தங்கமா வாங்கியிருந்தா இந்நேரம் போட்ட பணம் ஒண்ணரை மடங்கா வந்திருக்கும், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா. பெட்டியை மூடினாள். "யோசிச்சுட்டு வரேன்."

திரும்பும்போது பஸ்ஸில் நாலு பேரும் நாலு இடத்தில் உட்கார்ந்தோம். அந்த வண்டியின் கண்டக்டர் விசிலுக்குத் தெரிந்தவன். "என்ன விசிலக்கா, வாயில பூட்டா?" என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் பயந்துபோய் எங்களுக்கு டிக்கெட்டே கிழிக்கவில்லை.

மழைக்காலத்தில் அவர்கள் வீடே ஒரு துணிக்கொடி. கூடத்தில், சமையலறையில், மாடிப்படிக் கைப்பிடியில் எல்லாம் ஈரத்துணி தொங்கும். அன்று சாயங்காலம் அக்கா அத்தனையையும் இறக்கி இஸ்திரி போட ஆரம்பித்தாள். சட்டை, பாவாடை, தலையணை உறை, கைக்குட்டை. அவை தீர்ந்ததும் கரித்துணியை எடுத்து இஸ்திரி போட்டாள். என் போர்வையை மாடியிலிருந்து கொண்டுவரச் சொல்லி அதையும் போட்டாள். மூட்டை தூக்குகிறவன் போர்வைக்கு மடிப்பு விழுந்தது அன்றுதான் முதல்முறை.

அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்து, மிளகு தூவி, எல்லோர் தட்டிலும் விழுந்தது. ரொட்டி கொஞ்சம் காய்ந்திருந்தது. நான் வேலைக்குக் கிளம்புமுன் சாப்பிட உட்கார்ந்தேன். எதிரே விசில். வெடித்துச் சிரிக்காமல், டிப்போ கதை எதுவும் சொல்லாமல் அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. கிழங்கை மசித்து மசித்துச் சாப்பிட்டாள். ரொட்டியை வலதுபக்கம் மட்டும் தள்ளி மென்றாள். காய்ந்த ஓரம் வந்ததும் பிய்த்துத் தட்டோரம் வைத்தாள்.

அக்கா அதைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி ஒரு கணம் கையில் அப்படியே நின்றது.

காலையில் நான் திரும்பி வந்தபோது பின்பக்கத்துப் பட்டறையில் குரல்கள் கேட்டன. பட்டறை என்பது முன்பு விறகு போட்டிருந்த அறை. பிளாஸ்டர் தாடைகள் அலமாரியில் வரிசையாக வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் பென்சிலால் ஒரு டாக்டர் பெயர். விசில் முக்காலியில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து வைத்திருந்தாள். பார்க்க அலமாரியிலிருந்து இறங்கி வந்தது போல இருந்தது.

"கழட்டுடா."

"நான் கட்டுறவன். கழட்டறது டாக்டர் வேலை."

"அப்ப டாக்டர்கிட்ட போறேன். அவரு கழட்டலேன்னா குறடு இருக்கு."

"லூசா உனக்கு?"

"ஆமா, லூசுதான். தம்பி திருடி வந்த தங்கத்துல ஒரு வருஷமா கடலை மென்னுருக்கேன். டிரைவருங்ககிட்ட எல்லாம் வாயைத் திறந்து திறந்து காட்டுனேன்டா. என் தம்பி கட்டுனதுன்னு."

வாசலில் நிழல் விழுந்தது. அக்கா, இடுப்பில் துணிக்கூடையோடு. வேலைக்குப் போகிற உடையில் இருந்தாள்.

"கழட்டி என்ன பண்ணுவீங்க அண்ணி?"

விசில் எழுந்து நின்றாள். தம்பி மனைவிக்கு முன்னால் அவள் எழுந்து நின்றது அதுவே முதல்தடவை. "உருக்கிக் குடுக்குறேன் உனக்கு. என்னால ஒருத்தி கடை நின்னு போச்சுன்னு இருக்கவேணாம்."

"உருக்கினா எனக்கு என்ன வரும்? அவரு அதுல வேற எதையோ சேத்து வச்சிருக்காரு. தேய்ச்சதுல கொஞ்சம் போயிருக்கும். கழட்டறதுக்கு டாக்டருக்குக் குடுக்கணும். அப்புறம் உங்களுக்கு வேற ஒண்ணு மாட்டணும். அது புண்ணாகும். புண்ணுக்கு மருந்து. நீங்க ரெண்டு நாள் லீவு போட்டு வீட்டுல படுத்துக்கிட்டு என் சமையலைக் குறை சொல்லுவீங்க. அந்தச் செலவை எதுல எழுதுறது?"

விசிலுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ராத்திரி பூரா யோசிச்சேன்," என்றாள் அக்கா. கூடையைக் கீழே வைத்தாள். "அந்த மூணும் இத்தனை வருஷமா பெட்டியில படுத்துக்கிட்டு என்ன கிழிச்சுது? நானும் கையைக் கழுவிட்டுக் கழுவிட்டுப் போய்ப் பாத்தேன். கைபடாம வச்சிருந்தா மதிப்பு ஏறும்னான் அவன். ஏறல. நாலுல வேலைக்குப் போனது ஒண்ணே ஒண்ணுதான். அதையும் இழுத்துட்டு வந்து பெட்டியில படுக்கப் போடணுமா? இருக்கட்டும் வாயில. ஆனா நேத்து மாதிரி ஒரு பக்கமா மென்னீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். அவர் ஒரு பிளாஸ்டர் தாடையைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பல்லை எண்ணுவது போல நின்றார்.

"உங்களை விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. அலமாரியத் திறந்தீங்களே, அதுகூடப் போகட்டும். பொய்க்காசு ஒண்ணு செஞ்சு வச்சு, நான் கையக் கழுவிட்டு வந்து அதைப் பாக்குறதை ஒரு வருஷமா பாத்துக்கிட்டு இருந்தீங்களே. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல?"

"குடுத்திருக்கமாட்டே."

அக்கா கூடையிலிருந்து ஒரு துணியை எடுத்து மடித்தாள். வெளியே தகரக்கூரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றாள். "குடுத்திருக்கமாட்டேன். உங்க பரம்பரையவே இழுத்துத் திட்டியிருப்பேன். ஒரு வாரம் சோறு போட்டிருக்கமாட்டேன். அப்புறம் குடுத்திருப்பேன்."

"அந்த ஒரு வாரத்தை நான் பொறுத்திருக்கணும்," என்றார் அண்ணன்.

"பொறுத்திருக்கணும்," என்றாள் அவள். கூடையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அவர்கள் சமாதானம் ஆனது இவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழுகிற ஆட்கள் இல்லை.

மூன்று காசும் தங்க விலைக்குப் போயின. இந்தத் தடவை அக்கா தனியாகவே போய் வந்தாள். கடை அட்வான்ஸுக்குச் சரியாக இருந்தது. பழைய கொதிகலன் ஒன்றும் வந்தது. இடித்தது துணியை அழுத்தி இஸ்திரி போடுகிற பிரஸ் மெஷினில். நாலாவது காசு இருந்திருந்தால் நல்லதாக ஒன்று வாங்கியிருக்கலாம். இப்போது கைக்கு எட்டியது மூடிப்போன ஒரு சலவைக்கடையின் பின்கட்டில் கிடந்த இயந்திரம். மேல்தட்டு முழுக்கத் துருவும் குழியும். "இரும்பு விலைக்கு எடுத்துட்டுப் போங்க, இதுல துணிய வச்சா பிடிச்சுக் கிழிக்கும்," என்றான் விற்றவன். நானும் கிடங்கு ஆட்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். அதைவிடக் கனமான பொருளை நான் ராத்திரியில்தான் தூக்கியிருக்கிறேன், அதுவும் சம்பளத்துக்கு.

அண்ணன் தட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டுக் குந்தினார். முதலில் கல், பிறகு கரடுத்தாள், பிறகு நைஸ்தாள், பிறகு ரப்பர் சக்கரம், கடைசியில் பட்டறையில் பல்லுக்குப் போடுகிற பாலிஷ் கட்டியும் கம்பளித் துணியும். வந்த பல் வேலையை முடித்துவிட்டு மீதிப் பொழுதெல்லாம் இதிலேயே இருந்தார். முகமெல்லாம் கரும்பச்சைத் தூள். பல்லுக்கு நகத்தளவு இடம், இது கதவளவு. தோள்பட்டை இறங்கிவிட்டது. விசில் தைலம் தேய்த்துவிட்டபடியே வைதாள்.

"தலையையும் சேத்துப் பாலிஷ் பண்ணிடாதடா."

"இதுல எல்லா இடமும் பண்ணணும்," என்றார் அவர் கண்டிப்பாக.

ஒருநாள் அக்கா வந்து பார்த்தாள். குனிந்து தட்டில் கையை வைத்து ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இழுத்தாள். ரேகை இல்லாத கை எங்கும் தட்டவில்லை. அன்று ராத்திரி அண்ணன் சாப்பாட்டுத் தட்டில் இரண்டு முட்டை விழுந்ததை நான் பார்த்தேன்.

கடைக்கு முதல் மூட்டை துணி விசில் கொண்டுவந்தது. டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் எல்லோருடைய சீருடையும். மழையில் காயாமல் நாறிக்கொண்டு ஓடுகிற ஆட்கள் அவர்கள். "காலர்ல மடிப்பு நிக்கணும்மா, எங்க மேனேஜரு கிட்ட வந்து உத்துப் பாக்குற ஆளு," என்று சத்தம் போட்டபடி மூட்டையை இறக்கினாள். இறக்கிவிட்டு, தங்கப்பல் தெரியச் சிரித்தாள். மங்கல் வெளிச்சத்திலும் அது பளிச்சென்று இருந்தது. லீவு நாட்களில் அவளே கடையில் உட்கார்ந்து துணி வாங்கிச் சீட்டு கொடுத்தாள். பழக்கம் போகவில்லை. "சில்லறையா குடுங்க, சில்லறையா குடுங்க," என்பாள். வந்தவர்கள் பயந்து கொடுத்தார்கள்.

மழை குறைந்து வெயில் எட்டிப்பார்த்த ஒரு மத்தியானம், கிடங்குச் சட்டையை வாங்கிப்போக நான் கடைக்குப் போயிருந்தேன். கொதிகலன் உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் ஆவி. மேசையில் அந்த மரப்பெட்டி திறந்திருந்தது. பைகளிலும் வாளிகளிலும் கழன்று கிடக்கிற பொத்தான்களை அக்கா அதில் போட்டு வைத்திருந்தாள். பெரிய குழியில் கோட்டுப் பொத்தான், அடுத்ததில் கால்சட்டைப் பொத்தான், மூன்றாவதில் சட்டைப் பொத்தான், கடைசியில் ஊக்கு.

கதவைத் தள்ளிக்கொண்டு வெல்வெட் வந்தான். கோட்டு தோளில் நனைந்து சுருங்கியிருந்தது.

"அக்கா! மருத்துவமனையில விசாரிச்சேன். முதலாளி ஆயிட்டீங்களாமே! அதான் முதல்ல உங்களுக்குக் காட்டணும்னு வந்தேன்." பையிலிருந்து பெட்டியை எடுத்தான். இந்தத் தடவை வெல்வெட் நீலம். "இந்த வருஷத்துக் காசு. ரொம்பக் கொஞ்சமாத்தான் அடிச்சிருக்காங்க. பாருங்க, மூஞ்சி தெரியும்."

"கோட்டைக் கழட்டுங்க தம்பி," என்றாள் அக்கா.

அவன் முழித்தான். கழற்றிக் கொடுத்தான். அவள் அதை மேசையில் விரித்து, கழுத்துப் பட்டியை நீவி, மேல்தட்டை இறக்கினாள். புஸ்ஸென்று ஆவி. தோள், கை, முதுகு. திருப்பிப் போட்டு மறுபடி. தட்டைத் தூக்கினாள். அதில் அவன் முகம் தெரிந்தது. கன்னத்து மரு, பேச நினைத்துத் திறந்த வாய், எல்லாம்.

"இங்கயும் மூஞ்சி தெரியும்," என்றாள். "இது தினமும் வேலை செய்யும்."

"காசு வேற, இது வேற அக்கா..."

"வேறதான். காசு கெட்டதுன்னு நான் சொல்லல தம்பி. தங்கம் தங்கம்தான். நீங்க சொன்ன ரெட்டை ஏத்தத்துல ஒண்ணு ஏறுச்சு, இன்னொண்ணு உங்க பாக்கெட்டுல இறங்குச்சு. மேல இருக்கிறதுக்கு ஆசைப்படுற ஆளு யாராவது இருப்பாங்க. அவங்களைத் தேடிப் போங்க. கேன்டீனுக்குப் போகாதீங்க. அங்க நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவன் நீலப்பெட்டியை மூடினான். கோட்டை மாட்டிக்கொண்டான். நன்றாகத்தான் இருந்தது, அவனே குனிந்து பார்த்துக்கொண்டான். "எவ்வளவுக்கா?"

"கோட்டுக்கு என்ன விலையோ அது, அங்க எழுதியிருக்கு. பெட்டியில போட்டு, கையுறை மாட்டிட்டுக் குடுக்கணும்னா அதுக்கு மேல இன்னும் பாதி விலை ஆகும்."

மூலையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த விசில் சிரித்த சிரிப்பில் பொத்தான் பெட்டி அதிர்ந்தது. அவன் எழுதியிருந்த விலையைக் கொடுத்தான். "சில்லறையா குடு," என்றாள் அவள். கொடுத்தான்.

அக்கா எனக்கும் சட்டையை நீட்டினாள். "நீயும் கிளம்பு. போய்த் தூங்கு. ஆந்தை மாதிரி பகல்ல முழிச்சுக்கிட்டு." விசில் தன் டப்பாவைத் திறந்து, காய்ந்த ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து இடதுபக்கம் போட்டுக்கொண்டாள். கடிக்கிற சத்தம் கொதிகலனுக்கு மேல் கேட்டது. சாப்பாட்டு நேரம் என்று எழுதிய அட்டையை அக்கா கண்ணாடியில் மாட்டினாள். வெல்வெட் படியிறங்கி வெயிலில் நின்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். அவன் பின்னால் நானும் இறங்கினேன். அக்கா கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து பூட்டினாள்.